ஒரு சட்டிச் சாறு

எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்று; சாப்பாடு மூன்று. பையன் ஒன்று கேட்பான், அவன் தாய் இன்னொன்று கேட்பாள், என் தாயார் ஒன்றுமே கேட்க மாட்டாள். இந்த மூன்றாவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான சமையல்.

சமையல் என் தலையில் எப்படி விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் ஷிப்டுகளின் ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் இங்கே பொழுது விடிவது சூரியனைப் பொறுத்த விஷயமாக இல்லை. கம்பெனி பஸ்ஸைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற இந்த ஊரில் என் மனைவிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் விடியற்காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறுவாள். மறு வாரம் இரவு பதினோரு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குவாள். நானோ வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். ஆகவே கரண்டி என் கைக்கு வந்து சேர்ந்தது. ஏழெட்டு வருஷமாகிறது. நாவல் எழுதுவதைவிடச் சோறு வடிப்பது நேர்மையான தொழில் என்பது என் அபிப்பிராயம். குழைந்து போனால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

அம்மா எங்களோடு வந்து இரண்டு வருஷம். கெலமங்கலத்துக்கு அப்பால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் புன்செய் இருந்தது. மானாவாரி. ஆடியில் ராகி விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுக்கலாம். மனை போட்டு விற்கிறவர் ஒருவர் வந்து கேட்டார், கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தன் பெயரின் மூன்று எழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுத வராது. அந்த மூன்றையும் பத்திரத்தில் கோணாமல் போட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குக் காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். மழை இல்லை, கூலிக்கு ஆள் இல்லை, கதிர் முற்றுகிற சமயம் பார்த்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் வந்துவிடுகிறது, அப்பா போன பிறகு, ராத்திரியில் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்ட யார் இருக்கிறார்கள்? எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். அவள் கேட்காததனால் அத்தனையும் என் வயிற்றிலேயே தங்கிவிட்டன.

ஓசூர் வந்த பிறகு அம்மா களி தின்பதை விட்டுவிட்டாள். நான் களி கிண்டாமல் இல்லை. நொய்யைக் கொதிக்க விட்டு, மாவைக் குவியலாகப் போட்டு, கோலால் குத்தி, வியர்க்க விறுவிறுக்கக் கிண்டித்தான் பார்த்தேன். களி என்பது மென்று தின்கிற பண்டமல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடக்காரர்கள் முத்தே என்று உருட்டுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் சட்டம் ஒன்றுதான். விரலால் கிள்ளி, சாற்றில் புரட்டி, விழுங்கிவிட வேண்டும். நாலு வயதில் நான் அதைக் கடித்ததைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள். என் களியை ஒரு நாள் வாயில் போட்டுப் பார்த்தவள், “கட்டி இல்லை, நல்லாத்தான் கிண்டியிருக்கே. கடை மாவுக்கு வாசனை இல்லைப்பா” என்றாள். அதோடு சரி. மறுநாளிலிருந்து ஒரு பிடி சோறு, கொஞ்சம் மோர். ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆயிற்று. டாக்டர் பரிசோதித்து வியாதி ஒன்றுமில்லை, வயதுதான் என்றார். வயதுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாதல்லவா?

போன மார்கழியில் பையனுக்கு ஜுரம் வந்தது. ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர்; மார்கழியில் போர்வையை விட்டுக் காலை வெளியே நீட்ட மனம் வராது. ஒன்பது வயதுப் பையன் போர்வைக்குள்ளிருந்து, “நூடுல்ஸ் பண்ணுப்பா” என்று முனகினான். ஜுர வாய்க்கு அந்த மசாலாப் பொடியைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. கடையில் ராகி சேமியா ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். பருப்புத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் இவனும் நூடுல்ஸ் என்று ஏமாந்து சாப்பிடுவான், ராகியும் உள்ளே போகும் என்பது திட்டம்.

கொதிக்கிற தண்ணீரில் சேமியாவை ஒடித்துப் போட்டு, அஞ்சறைப் பெட்டியில் மிளகு தேடித் திரும்பினேன். பாத்திரத்தில் சேமியாவைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அம்மா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இது களிக்கும் ஆகாது, கூழுக்கும் ஆகாது” என்றாள். வெகு நாளைக்குப் பிறகு என் சமையலைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருந்ததை அப்புறந்தான் படித்தேன். கோதுமையில் ஒரு பசைப் புரதம் இருக்கிறது. மாவைப் பிசையும்போது அது நூல் நூலாகப் பின்னிக்கொள்வதனால்தான் கோதுமைச் சேமியா கொதிநீரில் கிடந்தாலும் உருவம் கலையாமல் இருக்கிறது. ராகியில் அந்தப் பசை கிடையாது. சுண்ணாம்புச் சத்து என்னவோ ஏராளம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் என்கிறார்கள். எலும்புக்கு உதவுகிற அந்தச் சத்து இழையைப் பிடித்து நிறுத்த உதவாது. ஆகவே ராகி சேமியாவை உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் நனைத்து, வடித்து, இட்லித் தட்டில் ஐந்து நிமிஷம் ஆவி காட்ட வேண்டும். சாறு தனியே கொதிக்க வேண்டும். இரண்டும் கிண்ணத்தில்தான் சந்திக்க வேண்டும்.

இத்தாலிக்காரர்கள் இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் கோதுமையிலேயே மிளகளவு, நட்சத்திர வடிவம் என்று பொடிப் பொடியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பாஸ்தீனா என்று பெயர். காய்ச்சல்காரனுக்கும் பல் முளைக்காத குழந்தைக்கும் அதைச் சாற்றில் போட்டுக் கொடுப்பது அவர்கள் வழக்கம். 2023 ஜனவரியில், அமெரிக்காவில் ரான்ஸோனி என்ற கம்பெனி அந்த நட்சத்திரத்தைச் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, தாடி மீசை வைத்த ஆண்பிள்ளைகள்கூடப் பாட்டியை நினைத்துப் புலம்பினார்களாம். பத்திரிகையில் படித்துவிட்டு நான் சிரித்தேன். ஒரு பொடிச் சேமியாவுக்கு இத்தனை அழுகையா என்று.

இரண்டாம் தடவை தப்பு நேரவில்லை. துவரம்பருப்பு வேக வைத்த தெளிந்த தண்ணீர், தட்டிப் போட்ட நாலு பல் பூண்டு, மிளகு, சீரகம், ஒரு ராயக்கோட்டைத் தக்காளி, உப்பு. புளி கூடாது. ஆவியில் வெந்த சேமியாவை விரலால் பொடிப் பொடியாக உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே சாற்றை ஊற்றினேன். பையன் மோந்து பார்த்தான். “நூடுல்ஸ் ஏன் கறுப்பா இருக்கு?” என்றான். “ஜுரக்காரங்களுக்கு அப்படித்தான் வரும்” என்றேன். குடித்துவிட்டுத் தூங்கினான். அம்மா கிண்ணத்தை வாங்கி அடியில் மிஞ்சியிருந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜுரம் விட்ட நாலாம் நாள், மார்க்கெட்டில் அவரைக்காய் மலிந்திருந்தது. பனி விழுந்த அவரை. எல்லைக்கு அப்பால் அந்த வாசனைக்கென்றே சொகடு என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்; தமிழில் அதற்கு ஈடாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. உரித்த கொட்டையை இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம்பருப்பு. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்த வேண்டும். பருப்பு துள்ளி எங்கோ போய் விழும். நான் பத்துப் பிதுக்கினால் எட்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. அம்மா பேசாமல் வந்து எதிரில் உட்கார்ந்து, தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் விரலிலிருந்து ஒன்றுகூடத் தப்பவில்லை. ரேஷன் கடையைப் பற்றிப் பேச்சு வந்தது. 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்த சமாசாரத்தைச் சொன்னேன்.

“அப்போ ராகி போடுறவன் இன்னும் இருக்கான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “எட்டு சால் ராகிக்கு ஒரு சால் அவரை போடுவோம். உங்கப்பா ஆறுக்கு ஒண்ணு போடுவாரு, அவருக்கு அவரைன்னா அவ்வளவு ஆசை” என்றாள். பிதுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், “அங்கே இப்போ என்னப்பா இருக்கு?” என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐப்பசியில் ஒரு நாள் அந்த வழியாகப் போன நான் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்திருந்தேன். வெள்ளையடித்த மனைக் கற்கள். கிழக்குப் பாதியில் காம்பவுண்டுச் சுவரும் தகரக் கூரை போட்ட ஒரு கோடௌனும். புளியமரம் இருக்கிறது, அதற்கடியில் செக்யூரிட்டிக்காரன் நாற்காலி போட்டிருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அம்மாவின் கை நிற்கவில்லை. “புளியமரத்தை வெட்டலையா?” என்றாள்.

“இல்லைம்மா.”

“அது கிடக்கட்டும். வெங்காயம் உரி.”

அன்றைக்குச் சாறு அவள் சொல்படி நடந்தது. கடலை எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம்; வதங்கியதும் பிதுக்கம்பருப்பு; அது மூழ்கி நாலு விரற்கடை நிற்கும்படி தண்ணீர். நான் தக்காளியை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்தாள். மிளகையும் பூண்டையும் அம்மியில் வைத்துத்தான் அரைக்க வேண்டும் என்றாள். அம்மி ஏது, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு அவளிடம் காட்டவே இல்லை. பருப்பு வெந்து பாதி கரைந்து சாறு வெண்மையாகத் தடித்து வந்தது. இறக்கிக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டேன். வீடு முழுவதும் அந்தப் பெயரில்லாத வாசனை.

பையன் இரண்டு கிண்ணம் குடித்தான். அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேமியாவைக் கரண்டியால் எடுக்காமல், விரலால் ஒன்று சேர்த்துச் சின்ன உருண்டையாகப் பிடித்துச் சாற்றில் புரட்டி விழுங்கினாள். களி தின்கிற மாதிரியே. பையன் பார்த்துவிட்டு, “ஆயா, அது நூடுல்ஸ்! அப்படித் தின்னக் கூடாது” என்று கத்தினான். அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

மனைவிக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. அவளுக்கென்று ஒரு பங்கைச் சட்டியில் மூடி வைத்துவிட்டு நான் எழுத உட்கார்ந்தேன். இரவு பதினோரு மணிக்கு மேல் வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தேன். சட்டி காலி. கழுவிக் கவிழ்க்காமல், ஒரு கொத்தமல்லி இலை ஒட்டிக்கொண்டு, மூடி மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தது. உள்ளே அம்மாவின் குறட்டை.

மனைவி நின்றபடியே பழைய சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“நாளைக்கு இன்னும் அரைக் கிலோ அவரை சேர்த்து வாங்குங்க” என்றாள்.