கண்ணாடித் தகட்டில் அநுராதபுரம்

மேரு, கிள்ளான்

அன்புள்ள கதிர்,

சித்தி வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்தேன். இருட்டறையில் கை கறுத்தவன் நீ என்பதால் இதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

கோலாலம்பூருக்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த சூளைகள் இருந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்களவர் 1894இல் பௌத்த மகா விகாரையைத் தொடங்கினார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். நான் விகாரைக்குள் போய், வெள்ளையடித்த தூபியின் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் ஜோசப் லாட்டன் எடுத்த பழைய படங்கள் இருந்தன. அண்ணாந்து பார்த்தால் வெள்ளைத் தூபி. குனிந்தால், அதே வடிவத்துக்கு மூலமான அநுராதபுரத்துத் தூபிகள் புதர் மண்டிக் கிடக்கின்றன.

லாட்டன் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆங்கிலேயர். 1868இல் இலங்கை ஆளுநர் ஹெர்குலிஸ் ராபின்சன் பழஞ்சின்னங்களைப் பதிவு செய்ய ஒரு குழு அமைத்தார். அந்தக் குழுவுக்காக லாட்டன் 1870-71இல் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை என்று காட்டுக்குள் போய்ப் படம் எடுத்தார். அன்றைய முறை உனக்குத் தெரியும்: கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். அந்த வெயிலில் தகடு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? தூபிக்குப் பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். மருந்துப் புட்டிகள், கண்ணாடிகள், நல்ல தண்ணீர், எல்லாம் ஆள் சுமந்து வரவேண்டும். காய்ச்சலுக்குப் பேர்போன காடு வேறு. உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பிய லாட்டன் 1872இல் இறந்துபோனார்.

அநுராதபுரத்துத் தூபாராமப் படத்தை விரித்து விரித்துப் பார்த்தேன். நடுவில் தூபி, சுற்றிலும் வட்ட வட்டமாக ஒல்லியான கல்தூண்கள். ஒரு காலத்தில் தூபிக்கு மேலே கூரையைத் தாங்கி நின்ற தூண்கள் அவை. சில சாய்ந்திருக்கின்றன. தூபி மட்டும் திருத்தமாக, மணி வடிவத்தில் இருக்கிறது. 1862இல் நடந்த திருப்பணியில் வந்த வடிவம் அது. அதற்கு முன்பு நெற்குவியல் வடிவில் இருந்ததாம். லாட்டன் பத்து வருஷம் முந்திப் போயிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பெரிய தூபிகளோ குன்றுகளாகவே தெரிகின்றன, உச்சிவரை மரம். ஜேதவனாராமம் முதலில் 122 மீட்டர் உயரம் இருந்தது. இன்று 71 மீட்டர். அந்தக் காலத்தில் அதற்கும் அபயகிரிக்கும் பெயர் மாறிக் கிடந்தது, ஆகவே பழைய படக்குறிப்புகளை அப்படியே நம்ப முடியாது. சில படங்களில் அளவு தெரிவதற்காக லாட்டன் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார். தகடு ஒளி வாங்கும்வரை அந்த மனிதர் அசையாமல் நின்றிருக்கிறார். தூபியின் பெயரை எழுதியவர்கள் அவர் பெயரை எழுதவில்லை.

பொலன்னறுவையில் நமக்கு உரிமையான சேதி ஒன்று உண்டு. புத்தரின் பல்லை வைத்திருந்த தாதுக் கோயிலான அடதாகேயின் பக்கத்தில் நிற்பது தமிழ்க் கல்வெட்டு. முதலாம் விஜயபாகு கட்டுவித்த அந்தக் கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று, மன்னரிடம் பணியாற்றிய வேளைக்காரப் படையினர் 12ஆம் நூற்றாண்டில் வெட்டிவைத்த உறுதிமொழி. பௌத்தச் சின்னம் என்றதும் அது வேறு யாருடையதோ என்று ஒதுங்குகிற நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

லாட்டன் போய் வந்த சில வருஷங்களில் அநுராதபுரத்து ருவன்வெலிசாயத் தூபியில் திருப்பணி தொடங்கியது. 1940இல் கலசம் ஏறியது. இன்று அது பால்வெள்ளையாக நிற்கிறது. இடிபாட்டை இடிபாடாகவே விட்டிருக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது கும்பிடுகிற இடம், கும்பிடுகிறவர்கள் எடுத்துக் கட்டத்தான் செய்வார்கள். ஆனால் கட்டுமுன் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்களும் இல்லையென்றால் நிலைமையை யோசித்துப் பார்.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். மதராஸ் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1855இல் பர்மாவின் தூபிகளைப் படம் எடுத்தவர். 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதித் தூபியின் சிற்பப் பலகைகளை எடுத்தார். அடுத்த வருஷமே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. அதே 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக, ஒன்றோடொன்று ஒட்டினால் ஒரே நீளமாக வரும்படி எடுத்திருக்கிறார். எழுத்து எழுத்தாகப் படிக்கலாம்.

பிற்பாடு எத்தனை கோயில்களில் திருப்பணி என்று மணல் வீசிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிப்போயிற்று என்று உனக்கே தெரியும். உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் தை மாதம் திருப்பணி தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் கேமராவோடு ஒரு காலை அங்கே போ. கருவறையின் அதிட்டானத்தைச் சுற்றி வந்து, வெயில் சாய்வாக விழும்போது, முழம் முழமாக எடு. பக்கத்தில் அளவுகோல் வை. கூடவே ஒருவரை நிறுத்தினால் படத்துக்குப் பின்னால் அவர் பெயரையும் எழுது. ஒரு பிரதியை எனக்கு மேரு முகவரிக்கே அனுப்பு, பொங்கல்வரை இங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
இளங்கோ