எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்

வானொலியில் வேலை செய்வதால் எல்லா ஒலிச் சாதனங்களும் எனக்கு அத்துப்படி என்று உறவினர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. புது வீவக வீட்டுக்குச் சாவி வாங்கிய இளம் தம்பதியர் என்றால் கண்டிப்பாகக் கேட்பார்கள்: “அக்கா, நல்ல ஸ்பீக்கர் வாங்கிட்டோம். எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர் போடலாம்?” பதிலுக்கு நான் கேட்பேன்: “ஸ்பீக்கருக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு?” பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன ஆண்டு இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. 1980களில், கப்பல் பட்டறைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பா ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். அவற்றுடன் இருந்த ஆம்ப் ஒருநாள் அடங்கிவிட்டது. இனி பாகம் கிடைக்காது என்று பழுதுபார்ப்பவர் கையை விரித்தார். “எல்லாத்தையும் காராங்குனிக்காரர்கிட்ட கொடுத்துட்டு ஒரு சவுண்ட்பார் வாங்கிடலாம்” என்றான் தம்பி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நின்றுபோனது. எழுபதைத் தாண்டிய அவர் அதிகம் பேசுபவரல்ல. பாட்டு ஓடும்போதுதான் இந்தப் படத்தை எங்கே பார்த்தேன், யாரோடு பார்த்தேன் என்று வாய் திறப்பார். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

முதலில் ஸ்பீக்கர்களைச் சோதித்தோம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையம் நாளடைவில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் அதிகக் காலம் தாங்கும். அப்பாவுடையது ரப்பர், பிழைத்திருந்தது.

பிறகு பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். 86 டெசிபல், 6 ஓம் என்று இருந்தது. ஆம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் முக்கியம்.

டெசிபல் கணக்கு ஸ்பீக்கரின் உணர்திறனைச் சொல்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதே அது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டவும் இருமடங்கு மின்திறன் வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் கூடவேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். எனவே 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் சத்தத்தில் வேறுபாடு வெறும் 3 டெசிபல்தான். விலையில் வேறுபாடு அப்படியல்ல.

என் தொழிலுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. 1970களில் பிபிசி பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் வைப்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். மனிதக் குரலை உள்ளபடி தருவதில் இன்றும் அதற்குப் பெயர் உண்டு. அதன் உணர்திறன் சுமார் 83 டெசிபல். அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1940களில் வடிவமைத்த, அறையின் மூலையில் நிறுத்தும் பெரிய ஸ்பீக்கரோ 100 டெசிபலைத் தாண்டும். ஒரே அளவு சத்தம் வர, முன்னதற்குப் பின்னதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் மின்திறன் தேவை. ஸ்பீக்கரைப் பார்க்காமல் வாட் கணக்கு மட்டும் பேசுவதில் பொருளில்லை என்பது இதனால்தான்.

எங்கள் வரவேற்பறையில் அப்பாவின் நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இரண்டரை மீட்டர். அங்கே வழக்கமான சத்தத்தில் பாட்டுக் கேட்க ஒரு வாட்கூடத் தேவையில்லை. 0.2 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தவில் ஓங்கி ஒலிக்கும் நொடியில் சத்தம் 20 டெசிபல்வரை எகிறலாம். அப்போது நூறு மடங்கு, அதாவது 20 வாட் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். தொடர்ந்து அப்படி ஓட்டினால், உச்சஒலி தரும் ட்வீட்டர் கெட்டுப்போகலாம். ஆக, எங்களுக்கு நேர்மையான 40 வாட் போதும்.

‘நேர்மையான’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண் ஒரு நொடி உச்சமாக இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தடுக்க அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 1974லேயே விதி கொண்டுவந்தது. இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது, எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு தொடர்ந்து தரும் திறன் என்று பாருங்கள்.

அடுத்தது ஓம். இந்த எண் குறையக் குறைய ஸ்பீக்கர் ஆம்பிடமிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும். 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓமுக்கு மட்டும் எனக் குறிப்பிட்ட ஆம்பில் மாட்டினால் சூடேறும், நின்றுவிடவும் கூடும். ஆம்பின் பின்பக்கத்தில் எத்தனை ஓம்வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: அது 100 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230.

குறிப்புகளோடு அப்பாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போனேன். ஹைஃபை கடைகள் வரிசையாக இருக்கும் இடம். முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியதால் எங்கள் ஸ்பீக்கர்களையே டாக்சியில் கொண்டுபோனோம். கடைக்கார அங்கிள் 120 வாட் ஒன்றையும் 40 வாட் ஒன்றையும் மாட்டினார். கைப்பேசிச் செயலியில் அளந்து, இரண்டிலும் சத்தத்தைச் சமமாக வைக்கச் சொன்னேன். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடும்.

பி. சுசீலாவின் பாட்டு இரண்டிலும் ஓடியது. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 40 வாட் ஆம்பில் உச்சஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தது. சுத்த ஒலி விரும்பிகள் அதை ஏளனம் செய்வார்கள். வயதானால் முதலில் மங்குவது உச்சஒலி கேட்கும் திறன்தான். சொற்களைத் தெளிவாக்கும் ‘ச’வும் ‘த’வும் அங்கேதான் இருக்கின்றன. குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இதுவே போதும்மா” என்றார். எழுநூறு வெள்ளிக்குள் முடிந்தது.

வீட்டில் அதை மாட்டிய முதல் ஞாயிறு, சத்தத்தை வழக்கத்தைவிடக் குறைத்தே வைத்தார். பாட்டு பாதியில் இருக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்க வாயேன். இத்தனை வருஷமா இந்த வரியைத் தப்பாவே பாடிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னார்: “எனக்கு அப்பவே தெரியும்.”