மறைமலை நகர்க்காரரின் பழைய கார்

புதுக் கார் வாங்குகிறவரிடம் எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள். பழைய கார் வாங்குகிறவரிடம் மட்டும் ஊரே அறிவுரை சொல்லும்! மறைமலை நகர் பக்கம் குடியிருக்கும் ஒருவருக்கு 2024-ல் அப்படித்தான் ஆனது. அவர் வாங்க நினைத்தது ஃபோர்டு ஈகோஸ்போர்ட். பத்து வருடப் பழசு, நான்கு சிலிண்டர் பெட்ரோல்.

"மாமா, கம்பெனியே மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சு. நாளைக்கு ஒரு பாகம் போனா எங்க போய் வாங்குவீங்க?" என்றான் மனைவியின் தம்பி. நியாயமான கேள்வி. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிறுவனம் சொன்னாலும், விற்பனை நின்ற வண்டி என்றால் யாருக்கும் ஒரு தயக்கம் வரும்.

ஆனால் அந்த மனிதருக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அவர் அதே ஆலையில் 12 வருடம் கதவு மாட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். அமெரிக்கா வரை ஏற்றுமதியான வண்டி அது. அதில் எத்தனை கதவுகளை மாட்டினாரோ அவருக்கே தெரியாது... ஒன்றைக்கூட சொந்தமாக வாங்க முடிந்ததில்லை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான காரில் குனிந்து உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. கையில் இருந்தது நான்கு லட்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிராஸ்ஓவர் என்பது ஜீப் அல்ல. ஜீப்பில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், அதன் மேல் உடலைப் பொருத்துவார்கள். கிராஸ்ஓவரில் சாதாரணக் காரைப் போல உடலும் சட்டமும் ஒன்றே, உயரம் மட்டும் கூடுதல். ஈகோஸ்போர்ட்டும் ஃபியஸ்டா காரின் அடித்தளத்தில் உருவானதுதான். தரையிலிருந்து இடைவெளி 200 மி.மீ. மலையேற அல்ல, குழி விழுந்த ரோட்டுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் ஏற்ற உயரம் அது.

அடுத்தது சிலிண்டர். 2013-ல் வந்த ஈகோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர். 2017 நவம்பரில் முகம் மாறி வந்தபோது அதே 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் ஆகிவிட்டது (டீசல் கடைசி வரை நான்குதான்). மூன்று சிலிண்டர் மோசம் என்று சொல்ல முடியாது, அதற்குச் சக்தி அதிகம். ஆனால் கிராங்க் ஒரு முறை சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு முறை எரிதல் நடக்கும், மூன்றில் சராசரியாக ஒன்றரை. அதனால் நான்கில் அதிர்வு குறைவு. தெருமுனை மெக்கானிக்குக்கும் அது பழகிய எஞ்சின். கம்பெனி போன வண்டிக்குத் தெருமுனை மெக்கானிக்தானே முக்கியம்?

முதலில் பார்த்த வண்டி வேளச்சேரியில். பளபளவென்று இருந்தது, சீட் கவர்கூடப் புதுசு. புரோக்கர் பத்தாயிரம் அட்வான்ஸ் கேட்டார், இவரும் பையில் கை விட்டுவிட்டார். ஏதோ தோன்றி, கொடுப்பதற்கு முன் முன்சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கறை! சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்திலும் துரு. 2014-ல் பதிவான வண்டி, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்திருக்கிறது. சீட் கவரை மாற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் நுனியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஒயரிங் எப்போது மக்கர் செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அட்வான்ஸ் பையிலேயே இருந்துவிட்டது.

இரண்டாவது வண்டி தாம்பரத்தில், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவருடையது. 82,000 கி.மீ. ஓடியிருந்தது. பெயிண்டில் நாலைந்து கீறல், பம்பரில் ஒரு நசுங்கல். ஆனால் ஒரு ஃபைல் நிறைய சர்வீஸ் பில். காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய், தன் கையால் ஸ்டார்ட் செய்தார். புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போன்ற படிவு இல்லை (இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்). டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் ஆறு வயதைத் தாண்டியிருந்தன. அதைச் சொல்லி விலையைக் குறைத்து, 3,30,000-க்கு முடித்தார்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, படிவம் 29, 30 கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றமும் இன்சூரன்ஸ் மாற்றமும் உடனே செய்தார். பதிவு 15 வருடம், அதாவது 2029 வரை. பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும்.

மீதி எழுபதாயிரத்தை அவர் தொடவில்லை. பழைய காரின் விலை என்பது கொடுத்த பணம் மட்டும் அல்ல, முதல் வருடச் செலவும் சேர்ந்ததுதான் என்பது அவர் கணக்கு. டயர் போக, முதல் வேலையாக டைமிங் பெல்ட்டை மாற்றினார். பத்து வருட ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. ஓடும்போது அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி, எஞ்சினே போய்விடும். பிறகு எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் (இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது). நான்கு ஸ்பார்க் பிளக்கையும் வீட்டு வாசலில் அவரே மாற்றினார். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் அதிகம் என்பதால், பழைய எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லிவைத்தார்.

ஐந்தாம் மாதம் சோதனை வந்தது. சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கியது, எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை இறக்க வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. மச்சான் சொன்னதுதான் சரியோ?

தெருமுனை மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. "அண்ணே, அவசரப்படாதீங்க" என்று சொல்லி, இரண்டாவது சிலிண்டரின் பிளக்கை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டினார். வண்டியை ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தால் பி0303! கோளாறு பிளக்கோடு இடம் மாறியிருக்கிறது. அப்படியானால் எஞ்சினில் தவறில்லை, பிளக்கில்தான். கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் முடி போல ஒரு விரிசல்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பிளக் மாற்றிய அன்று ஒன்று கை நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. துடைத்து அப்படியே மாட்டிவிட்டார். 12 வருடம் லைனில் நின்றபோது, கீழே விழுந்த பாகத்தை வண்டியில் மாட்டக் கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்! நாற்பதாயிரம் என்று பயந்தது சில நூறு ரூபாயில் முடிந்தது.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், கடைப் பெயர், விலை. முதல் வரியில் தன் தவறையே எழுதினார்: "பிளக் கீழே விழுந்தது. மாட்டியிருக்கக் கூடாது."

மச்சான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலும்கூட. புது வண்டியின் சரித்திரத்தை கம்பெனி கம்ப்யூட்டரில் வைத்திருக்கும். கம்பெனி போன பழைய வண்டிக்கு அதை வைத்திருப்பவரே உறவு. தாம்பரத்து அதிகாரியின் ஃபைல்தான் அந்த வண்டியை வாங்க வைத்தது. நாளைக்கு இந்த நோட்டு இன்னொருவரை வாங்க வைக்கலாம்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மாதம் ஒரு முறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். குனிய வேண்டியதில்லை. "இந்தக் கதவு நல்லா சாத்துதுப்பா" என்பார். அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்புவார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் பில்லைப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். வாங்கிய அன்றே ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள்.