காது கொடுத்துக் கேட்டால் கார் சொல்லும்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவோம். என் அப்பாவுக்கு அது பிடிக்காது. "சும்மா முறுக்காதே. ஒரு தடவை திருப்பிட்டு, என்ன சத்தம் வருதுன்னு கேளு" என்பார்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்கு முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் அவர். இப்போது வயது 76. காது மந்தமாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டு மூன்று வருஷமாகிறது. "இனிமே நான் எதுக்குப் பிரயோஜனம்?" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்திருந்தார்.

போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அமிர்திக்குப் போனோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம். 1967-ல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா அங்கே இருக்கிறது. மான், மயில், முதலை எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினால், கார் கிளம்பவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. அம்மாவுக்கு ஏழரை மணிக்கு இன்சுலின் போட வேண்டும். மருந்தோ வீட்டு ஃப்ரிட்ஜில்.

அப்பா பானெட்டைத் திறக்கச் சொன்னார். தனக்குக் கேட்காது என்பதால் என் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா சத்தம் வருது கண்ணு?"

"டிக்டிக்டிக்னு வேகமா வருது தாத்தா."

"ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பச் சொல்லு. லைட் மங்குதா?"

மங்கியது. "அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கரண்ட்தான் சரியாப் போய்ச் சேரல" என்றார்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. டிக்கியில் அவர் எப்போதும் போட்டு வைக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் கழற்றினோம். டீக்கடையில் வாங்கிய சுடுநீரை ஊற்றி, சுரண்டி, துடைத்து, முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ் மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஏழே கால் மணிக்கு வீட்டில் இருந்தோம்.

அன்றிரவே மகள் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள்:

வேகமான 'டிக்டிக்' என்றால் பேட்டரி பலவீனம், அல்லது முனையில் அழுக்கு.

ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, லைட்டும் மங்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் இல்லை.

இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுத்தால் பிளஸுக்குப் பிளஸ். மைனஸ் ஒயரின் கடைசி முனையை நம் பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் வாயு, பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் போட்டு ஓட்டும் வண்டிக்குத்தான். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது.

அடுத்த பக்கத்துக்கு 'ஸ்டெப்னி மாற்றுவது எப்படி' என்று தலைப்பு மட்டும் போட்டு வைத்திருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு என்று தாத்தா சொல்லிவிட்டார். தாமதமாக வந்தால் சேர்க்கமாட்டாராம்.