சும்மா

"சும்மா வெளியே போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் தினமும் மாலையில் செருப்பை மாட்டுவார். யாரும் காரணம் கேட்டதில்லை. நான் வெளியே போக மட்டும் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு என்று ஏதாவதொன்று வேண்டும். பஸ்ஸுக்குக் காசு கேட்டாலே "எதுக்கு?" என்பார்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசமானது. காசு கேட்க வேண்டியதில்லை என்றானதும் பாதிக் கேள்வி போயிற்று. மறுவருடம் மார்கழியில் மயிலாப்பூருக்குத் தனியாகப் போனேன். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. என்ன ராகமென்று தெரியாமலே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சபா கேன்டீனில் ஒரு நெய் தோசை. மாடித் தொட்டியில் வளர்த்த கீரையை அக்கம்பக்கத்தில் விற்றுச் சேர்த்த காசு. வீட்டில் எல்லோருக்கும் வார்த்துப் போட்டுவிட்டு ஆறியதைத் தின்றே பழகிய நாக்கு சுட்டுக்கொண்டது. சிரிப்பு வந்தது.

சின்ன சந்தோஷம்தான். அது கிடைக்க எனக்கு 52 வயதாகியிருந்தது.

வீடு திரும்பும்போது மணி ஏழு. "எங்கே போயிட்டு வர்றே?"

"சும்மாதான்" என்றேன். அடுத்த கேள்விக்குக் காத்திராமல், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மாடியேறினேன்.