ஊட்டி கெட்டுப் போயிற்றாம்!

உதகமண்டலத்துக்குப் போய்த் திரும்பியவர்களிடம், "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "அதை ஏன் கேட்கிறீர்கள்? ஊட்டி கெட்டுப் போய்விட்டது!" என்று சொல்லாதவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால் அது எப்போது கெட்டது என்ற கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நன்றாக விசாரித்தால், அவரவர் முதன் முதலாக அங்கே போய் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் ஊர் கெடத் தொடங்கியிருக்கும்!

அடியேனும் இந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான். என் கணக்குப்படி ஊட்டி கெட ஆரம்பித்தது 1972-ஆம் வருஷம். ஏனெனில் நான் முதலில் போனது 1971-இல்.

அப்போது எனக்குப் பத்து வயது. என் தகப்பனார் மேட்டுப்பாளையத்தில் எங்களைச் சின்ன ரெயிலில் ஏற்றினார். எஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நான் அடைந்த ஆச்சரியத்துக்கு அளவே இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக ஓர் இரும்புப் பட்டை. அதைச் சக்கரம் கவ்விக் கவ்வி ஏற வேண்டும். 46 கிலோமீட்டர் போவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! "இதைவிட நடந்தே போயிருக்கலாம்" என்று அம்மா சொன்னாள். ஆனால் குன்னூரில் ஜன்னல் வழியாகக் குளிர் காற்று முகத்தில் அடித்ததும், அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தங்கியது ஹோட்டலில் அல்ல. ஊருக்குச் சற்று வெளியே, சரிவில், ஒரு படகர் வீட்டில். அவர் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர். ஸீஸனில் மட்டும் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவார். வாடகை என்ன என்று அப்பா கேட்டதற்கு, "கொடுப்பதைக் கொடுங்கள், ஐயா. பிள்ளைகளுக்குக் குளிராமல் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார். வீட்டின் பின்புறம் ஒரு ஊற்று. கையை விட்டால் விரல் மரத்துப் போகும். அந்தத் தண்ணீரில் முகம் கழுவுவது அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரு பெரிய வீரச் செயலாக இருந்தது.

பிறகு 1989-இல் மனைவியுடன் போனேன். அதே மனிதர், ஆனால் இரண்டு அறை பன்னிரண்டு அறையாகியிருந்தது. வாசலில் பலகை, மேஜையில் ரசீதுப் புஸ்தகம். உருளைக்கிழங்கு நிலத்தில் கார்கள் நின்றன. 2007-இல் போனபோது அவர் காலமாகிவிட்டார். விடுதி வெளியூர் முதலாளி ஒருவரின் கைக்குப் போய் நான்கு மாடியாக நின்றது. ஊற்று இருந்த இடத்தில் சிமெண்டுத் தொட்டி; அதில் லாரித் தண்ணீர்! அவருடைய மகன் வாடகைக் கார் ஓட்டிக் கொண்டிருந்தார்.

ரிச்சர்டு பட்லர் என்ற பூகோள அறிஞர் 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார். உல்லாச ஸ்தலங்களுக்கும் மனிதனைப் போலவே பால்யம், யௌவனம், முதுமை எல்லாம் உண்டு என்பது அதன் சாரம். முதலில் ஒரு சிலர் வழி கண்டுபிடித்து வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் திண்ணையையும் அறையையும் ஒழித்துக் கொடுப்பார்கள். பின்னர் விளம்பரம்; வெளியூர்ப் பணம்; கட்டிடங்கள். கடைசியில் ஊர் தாங்கக் கூடியதற்கு மேல் கூட்டம் வந்து, வளர்ச்சி நின்று போகும். அதற்கப்புறம் சரிவு, அல்லது ஏதாவது புது வழி செய்தால் மறு ஜன்மம். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு அறை, பன்னிரண்டு அறை, நான்கு மாடி! அந்தப் படகர் வீட்டின் ஜாதகத்தையல்லவா அவர் கணித்து வைத்திருக்கிறார்?

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக் கொண்டே இருந்தது. 1971-இல் நான் கண்டது ஊட்டியின் பால்யமா?

கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் துரை 1819-இல் நீலகிரி மேல் ஏறினார். தோடர்களின் குடியிருப்பை மந்து என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு மந்து இருந்த இடத்தில் 1822-இல் கல் பங்களா கட்டத் தொடங்கினார். ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஏரியை உண்டாக்கினார். ஆம், நாம் படகு விடும் அந்த ஏரி இயற்கை ஏரியன்று! 1848-இல் தாவரத் தோட்டம் வந்தது. விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகையும் வந்தன. அந்நாளில் வருஷா வருஷம் கோடை வந்தால் கவர்னரும் காரியதரிசிகளும் கச்சேரிக் கட்டுகளோடு மலையேறிவிடுவார்கள். வரி கொடுக்கும் குடியானவன் கீழே வெயிலில் வெந்து கொண்டிருப்பான். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் ரெயில் போட்டதும் நம்முடைய சௌகரியத்துக்காக அல்ல.

மலையின் சொந்த ஆடை புல்வெளி. அதன் மடிப்புகளில் ஆங்காங்கே சோலைக் காடு. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விட்டுக் கொண்டிருந்தவை அவைதாம். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தப் புல்லின் பெரும்பகுதியைத் தைலமரமும் சீகையும் தேயிலையும் விழுங்கிவிட்டன. "ஆகா! ஊட்டி வாசனை!" என்று நான் பத்து வயதில் மூச்சை இழுத்தேனே, அது தைலமர வாசனை! அதாவது, ஒரு தோடர் கிழவருக்கு ஊர் கெட்டுப் போனதன் அடையாளம் எதுவோ, அதுவே எனக்கு ஊர் நன்றாக இருந்ததன் அடையாளம்.

"ஜனங்கள் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்று பேச எனக்கு இப்போது நா எழுவதில்லை. கவர்னர் அனுபவித்த குளிரைத் திருப்பூர்த் தையல்காரர் இரண்டு நாள் அனுபவித்தால் என்ன குற்றம்? இருந்தாலும் மலைக்கு இந்த நியாயம் தெரியாதே! 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் ஏறுவதாக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன்மேல் அந்த வருஷம் மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று வரம்பும் வந்தது.

அந்த மே மாதம் பேத்தி தன் டெலிபோனில் பாஸ் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆறாயிரத்தில் ஒன்றாக நாங்களும் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்து, "என்ன கூட்டம் பார்!" என்றேன். "தாத்தா, அவர்களும் நம்மைப் பார்த்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்" என்றாள் அந்தப் பொல்லாத பெண்.

ஊட்டியில் பழைய வீட்டுக்காரரின் மகனைத் தேடிப் பிடித்தேன். தலை நரைத்துவிட்டது. பாஸ் முறையைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன சொல்வது, ஐயா! வெளியூர் வண்டி அத்தனையும் வந்தால் ரோட்டில் என் வண்டி நகராது. எதுவும் வராவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எத்தனை வந்தால் சரி என்று கோர்ட்டுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை."

"உன் தகப்பனார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

அவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்பாவுக்கு அந்த ஊற்று போனதுதான் வருத்தம். பன்னிரண்டு அறைக்கும் குழாய் போட்டு அதை உறிஞ்சியது அவரேதான். அதையும் சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடினார்" என்றார்.

எனக்கு ஒன்றும் பேசத் தோன்றவில்லை. அந்தப் பன்னிரண்டு அறைகளில் ஒன்றில் நானும் தங்கி, வெந்நீர் போதவில்லை என்று சண்டை பிடித்தவன்.

விடைபெறும்போது அவர் கார் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து சொன்னார்: "அடுத்த தடவை காரில் வராதீர்கள், ஐயா. சின்ன ரெயிலில் வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து என் வண்டி இருக்கிறது."

"டிக்கெட் கிடைத்தால் வருகிறேன்" என்றேன்.

"இரண்டு மாதம் முன்னாலேயே பேத்தியிடம் சொல்லி வையுங்கள்" என்றார் அவர்.