எட்டாம் வகுப்புக்குப் பின் எங்கே?

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், அஸர் தொழுகைக்குப் பின் சுமைதூக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், மகளை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கலாம்?" என வினவினார். "அருகில் உள்ளதிலேயே சேருங்கள்" என்றோம். அப்பள்ளியின் வாசலை நாம் அதுவரை மிதித்ததில்லை. நடுநிலைப்பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதையும் அவருக்கு நினைவூட்டவில்லை. சென்ற ஆண்டு அவள் எட்டை முடித்தாள். உயர்நிலைப்பள்ளிக்குப் பேருந்து மாறிச் செல்ல வேண்டும் என்பதால் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னர் ஒரு நாள் திண்ணையில் பீடித் தட்டை மடியில் வைத்திருந்த அவள், முகமலர்ச்சியுடன் சலாம் கூறினாள். நமக்குத்தான் பதில் சலாம் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இவ்வாண்டு நம் இளைய மகளின் முறை. இம்முறை நாமும் மனைவியும் இரு பள்ளிகளுக்கும் நேரில் சென்றோம்.

அருகிலுள்ள பள்ளி புதுக் கட்டடம். சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். ஆனால் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் உரிய ஆசிரியர் பணியிடம் காலி. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுவது. பெண்பிள்ளைகளின் கழிப்பறை பூட்டிக் கிடந்தது.

கால்வாய்க்கு அப்பாலுள்ள பள்ளி பழைய ஓட்டுக் கட்டடம். நாம் தலைமையாசிரியையுடன் பேசிக்கொண்டிருக்க, மனைவி நேரே கழிப்பறைக்குச் சென்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். (இது நமக்குத் தோன்றவே இல்லை.) தண்ணீர் வந்தது. தாழ்வாரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். அதில் தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயிலும் பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் அந்த அம்மையார் விளக்கினார். ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும் நம் குடும்பங்களில் பலர் இதனை அறிந்திருக்கவில்லை.

எனினும் நம்மை முடிவெடுக்க வைத்தது அவர் மேசையிலிருந்த ஒரு கோடு போட்ட நோட்டு. எட்டாம் வகுப்பை முடித்த ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ந்தது என அதில் எழுதி வைத்திருந்தார். இரு பெயர்களுக்கு எதிரே மட்டும் வெற்றிடம். அவ்வீடுகளுக்குத் தாமே இருமுறை சென்றதாகக் கூறினார்.

அங்கேயே சேர்த்துவிட்டோம். நடந்து வீடு திரும்ப ஐந்து மணி ஆகிவிடுவதால், அப்பள்ளிப் பிள்ளைகளுக்காக மாலை மக்தபை மஃரிபுக்குப் பின் மாற்றினோம். சில பெற்றோருக்கு அதில் மனவருத்தம் உண்டு. அவர்களிடம் பேசி வருகிறோம்.

புறப்படும்போது அந்தச் சகோதரரின் மகளைப் பற்றியும் அம்மையாரிடம் கேட்டோம். ஓராண்டு இடைவெளி ஒரு தடையன்று, மாற்றுச் சான்றிதழுடன் வரச் சொல்லுங்கள், ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கத் தாமே உடன் வருவதாகக் கூறினார். பேருந்துக்குத் துணையாகச் செல்ல அதே தெருவில் இரு பிள்ளைகள் இருக்கிறார்கள். சகோதரர் இப்போது சான்றிதழை வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.